கரை காக்கும் கல்லும் கரையாகிய மணலும்

(நம் சங்கத்தின் ஆண்டு மகாசபையில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



இம்மகாசபையின் முன் இன்று மூன்று ஊரார் மூன்று விண்ணப்பங்களைக் கொணர்ந்துள்ளனர். மூன்றன் பொருளும் ஒன்றே. ‘எங்கள் கரையைக் கடல் உண்கின்றது, எங்கள் ஊரில் கல் கொட்டித் தருமாறு அரசாங்கத்தார்க்குச் சங்கம் எழுதவேண்டும்’ என்பதே அது. ஓரூரார் அலைத்தடுப்புச் சுவர் வேண்டுகின்றனர். ஏனை இரண்டூராரும் தூண்டில் வளைவு வேண்டுகின்றனர். இவற்றின்மீது சபையார் முடிவு செய்யுமுன், கடலரிப்பு என்னும் பொருள்பற்றிச் சிறிது பேசுமாறு தலைவரவர்கள் எமக்குக் கட்டளையிட்டார்கள்.

யாம் பொறியியல் கற்றவரல்லேம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு இலக்கணமும் இலக்கியமும் கற்பித்து வாழ்பவரே. எனினும், ஈண்டுக் கூறப்புகும் செய்தி, பொறியியல் வல்லுநரால் பன்முறை ஆராய்ந்து நிலைநாட்டப்பட்டதும், நம் முதியோர் தம் கண்ணாற் கண்டதுமாம். ஆதலின் துணிந்து நின்றோம். அன்றியும், இப்பொருளில் எம்மையும் சார்ந்த பிழையொன்று உண்டு. அதனை மறையாது சொல்லிவிட வேண்டுமென்பதும் யாம் ஈண்டு நிற்பதற்கு ஒரு காரணம். அதனை உரிய இடத்திற் கூறுவோம்.

முதற்கண், கரை என்பது யாது என்று நோக்குவோம். தொல்காப்பியனார் நானிலத்தை வகுத்தபொழுது, முல்லையைக் காட்டாலும், குறிஞ்சியை மலையாலும், மருதத்தை நீராலும் குறித்தார். நெய்தலை எதனாற் குறித்தார்? கடலாற் குறித்திருக்கலாம், அங்ஙனம் செய்திலர். பெருமணலாற் குறித்தார். அலை கொணர்ந்து குவித்த மணல்மேட்டிற்கு ‘எக்கர்’ என்று தனியே ஒரு பெயரும் நம் பழந்தமிழில் உண்டு. ஒரு பொருளுக்குத் தனிப்பெயர் இட்டு வழங்கினரெனின், அப்பொருள் அம்மக்கள் வாழ்வில் பெரிதும் பயின்றதென்பது தானே போதரும். நம் நிலத்திற்கு அடையாளம் மணல். உழவனுக்கு வயல் எங்ஙனமோ, பரதவனுக்கு மணல் அங்ஙனம்.

இது புலவர் கூற்று மாத்திரமன்று. கட்டுமரத்தை ஏற்றிவைப்பது மணலில். இன்று பைபர் படகை இழுத்துவிடுவதும் மணலில். கரைவலை இழுப்பதற்கு அகன்ற மணற்பரப்பு இன்றியமையாதது. பாறைக்கல் கொட்டிய கரையில் கரைவலை இழுப்பார் எவருமிலர். வலை உணர்த்துவதும், வலை பொத்துவதும், நம் பெண்மக்கள் கருவாடு காயவைப்பதும், பிள்ளைகள் விளையாடுவதும், ஊர்க்கூட்டம் கூடுவதும் அதன்மேலேயே. உப்புக்கடலின் அருகே தோண்டிய ஊற்றில் நன்னீர் கிடைப்பது எவ்வாறு? மழைநீரை மணல்மேடு தன் வயிற்றில் தேக்கிவைத்து, உப்புநீர் மேலேறாதபடி அழுத்தி நிற்பதால் அன்றோ? பங்குனி ஆமை கரையேறி முட்டையிடுவதும் மணலிலேயே. அடும்பங்கொடியும் இராவணன் மீசைப் புல்லும் படர்ந்து மணலைப் பிடித்து நிறுத்தும் மேடே ஊருக்கு முதல் மதில். இவையெல்லாம் நாம் அறிந்தனவே. நாம் நினையாதது ஒன்றுண்டு. அஃதாவது, இம்மணல் நம் ஊர் மணலன்று, வழிப்போக்க மணல்.

இதனைச் சற்று விளக்குவோம். மாசி பங்குனி முதல் புரட்டாசி வரை, சோழமண்டலக் கரையில் அலை தென்கிழக்கிலிருந்து வருகின்றது. கரைக்கு நேராக வாராமல் சாய்ந்து வருகின்றது. சாய்ந்து வரும் அலை உடைந்து மேலேறும்போது மணலையும் சாய்வாகவே வடக்குநோக்கி ஏற்றிச் செல்லும்; நீர் திரும்பி இறங்கும்போதோ நேரே கீழ்நோக்கி இறங்கும். ஆகவே ஒவ்வோர் அலைக்கும் மணல் சிறிது சிறிதாக வடக்கே நகர்ந்துவிடும். அலை உடையுமிடத்திற் கலங்கிய மணலைக் கரையோர நீரோட்டமும் அத்திசையிலேயே ஈர்த்துச் செல்லும். ஐப்பசி முதல் தை வரை வாடைக் காலத்தில் இச்செலவு திரும்பித் தெற்குநோக்கி நிகழும். ஆனால் வாடையின் காலம் குறுகியது. வரவையும் செலவையும் கழித்துப் பார்த்தால், ஆண்டொன்றுக்குப் பல இலட்சம் கனமீட்டர் மணல் தெற்கிலிருந்து வடக்கே போகின்றது என்று அளந்து கண்டிருக்கின்றனர்.

இவ்வழிப்போக்கையன்றிப் பிறிதொரு போக்குவரவும் மணலுக்கு உண்டு. வாடைக் காலத்துப் பேரலை கரைமணலை அரித்துக் கடலுக்குள் சிறிது தொலைவில் மேடாக இட்டுவைக்கும். அலை தணிந்த மாதங்களில் அம்மணலே மெல்ல மெல்லத் திரும்பிக் கரையேறும். கார்த்திகையிற் குறுகிய கரை சித்திரையில் அகன்றிருப்பதை நாம் ஆண்டுதோறும் காண்கின்றோம். கடல் கொண்டதைக் கடலே கொடுக்கும். இதனை நம் முன்னோர் அறிந்திருந்தனர். அதனாலேதான் அலையெட்டும் இடத்தை விட்டு உள்ளே தள்ளிக் குடிசை அமைத்தனர். ஆகவே கரை என்பது அசையாத நிலமன்று. வரவும் செலவும் ஒத்திருப்பதால் நிலைபோலத் தோன்றும் ஓர் ஓட்டம். ஆற்றைப் பார்த்து ‘அதே நீர்’ என்று சொல்லுவது எத்துணைப் பேதைமையோ, கரையைப் பார்த்து ‘அதே மணல்’ என்று சொல்லுவதும் அத்துணைப் பேதைமையே.

வாய்க்காற் பாசனம் உடைய ஊரில், தலைமடைக்காரன் வாய்க்காலின் குறுக்கே வரம்பிட்டால் அவன் வயலில் நீர் பெருகும். கடைமடைக்காரன் பயிர் கருகும். இதனை மருதநிலத்தார் எவரும் கற்பிக்காமலே அறிவர். அதன்பொருட்டுப் பஞ்சாயத்தும் வழக்கும் நடத்துவர். நெய்தல் நிலத்து வாய்க்காலில் ஓடுவது மணல். அவ்வாய்க்காலின் குறுக்கே வரம்பிட்டாலும் அதுவே நிகழும். வேற்றுமை ஒன்றே: இவ்வாய்க்கால் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

இதற்குப் பிரத்தியட்சமான சான்று வேண்டுவார் சென்னப் பட்டினத்தைக் காண்க. அந்நகருக்கு இயற்கைத் துறைமுகம் இல்லை. கப்பல்கள் ஆழ்கடலில் நங்கூரமிட்டு நிற்க, மசூலாப் படகுகளே அலையைக் கடந்து ஆளையும் சரக்கையும் ஏற்றி இறக்கின. 1875ஆம் ஆண்டிற் கடலுக்குள் கற்சுவர்களை நீட்டித் துறைமுகம் அமைக்கத் தொடங்கினர். 1881ஆம் ஆண்டுப் புயல் அச்சுவர்களைச் சிதைக்க, மீண்டும் கட்டினர். கற்சுவர் எழுந்தவுடன், தெற்கிலிருந்து வந்த மணல் வழியடைபட்டு அங்கேயே தேங்கலாயிற்று. இன்றைய கடற்கரைச் சாலையின் அருகே வந்து மோதிய கடல் விலகிக்கொண்டே போயிற்று. அங்ஙனம் தேங்கிய மணற்பரப்பே இன்று உலகம் புகழும் மெரீனாக் கடற்கரை. 300 மீட்டர் அளவுக்கு அகன்று கிடப்பது. கிராண்டு டப் என்னும் ஆளுநர் அங்கே உலாவுசாலை அமைத்து 1884இல் அதற்கு மெரீனா என்று பெயரிட்டார். துறைமுகத்தின் வாயில் முதலிற் கிழக்குநோக்கி இருந்தது. மணல் வந்து அடைத்தமையால், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதனை மூடி வடகிழக்கே வேறு வாயில் திறக்கவேண்டியதாயிற்று. பல்லாயிரங் கல்லைக் கடலில் இட்ட பொறியியலாரையும் சிறுமணல் இடம் மாற்றிவிட்டது.

தெற்கே மணல் பெருகிற்று, வடக்கே என்னாயிற்று? இராயபுரம் முதல் திருவொற்றியூர், எண்ணூர் வரையுள்ள கரை, வரவேண்டிய மணல் வாராமையால் ஆண்டுதோறும் தேய்ந்தது. நம் குலத்தார் குப்பங்கள் பல அக்கரையில் இருந்தன. வீடும் தெருவும் கோயிலும் கடலுள் மறைந்தன. கரை நூற்றுக்கணக்கான மீட்டர் உள்வாங்கிற்று. அரிப்பைத் தடுக்கக் கல் கொட்டினர்; கொட்டிய இடத்தில் அரிப்பு நின்று, அதற்கு வடக்கே தொடங்கிற்று. அங்கும் கொட்டினர், மேலும் வடக்கே தொடங்கிற்று. பிற்காலத்தில் தூண்டில் வளைவுகளும் வரிசையாக அமைத்தனர். மெரீனாவில் மாலைக்காற்று வாங்குவோர் தாம் மிதிப்பது இராயபுரத்தாரின் முற்றம் என்று எண்ணுவதில்லை.

இது பழங்கதை என்று சிலர் கூறலாம். அண்மைக் கதை ஒன்றும் உண்டு. புதுச்சேரியில், அரியாங்குப்பத்தாற்று முகத்துவாரத்தில் 1986 முதல் 1989 வரை துறைமுகச் சுவர்கள் இரண்டைக் கட்டினர். தடைப்படும் மணலை ஆண்டுதோறும் எடுத்து வடபுறம் சேர்க்கவேண்டுமென்று தொடக்கத்திலேயே திட்டம் வகுத்திருந்தனர். சுவர் எழுந்தது; மணல் எடுத்துச் சேர்க்கும் வேலை ஒழுங்காக நடைபெறவில்லை. தெற்கே வீராம்பட்டினத்துக் கரை அகன்றது. வடக்கே நகரின் கடற்கரைச் சாலைக்கு முன் கிடந்த மணற்பரப்பு முழுதும் ஒழிந்தது. சாலையைக் காக்கக் கருங்கல்லை அடுக்கினர். சாலை பிழைத்தது, கடற்கரை என்னும் பெயர்மட்டும் எஞ்சிற்று. பின்னர் அரிப்பு வடக்குநோக்கி நடந்தது. கல்லும் அதனைத் தொடர்ந்து நடந்தது. மாநில எல்லையைத் தாண்டிக் கோட்டக்குப்பம், தந்திராயன்குப்பம், சின்ன முதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் என ஊர் ஊராக அத்துன்பம் சென்றது. புதுச்சேரிக்கும் தமிழ்நாட்டிற்கும் இடையே எல்லைக்கல் உண்டு. மணலுக்கு அவ்வெல்லை தெரியாது.

இனி, கல்லின் வகைகளை ஒவ்வொன்றாக ஆராய்வோம்.

முதலாவது, அலைத்தடுப்புச் சுவர். இது கரையின் நீளத்திற்கு அடுக்கப்படுவது. மணற்சரிவில் ஏறும் அலை, ஏற ஏறத் தன் வலி குன்றித் தணிந்துபோம். கற்சுவரில் மோதும் அலையோ தணியாது. திருப்பி எறியப்பட்டுச் சுவரின் அடியிலுள்ள மணலைத் தோண்டும். நாளடைவில் சுவரின் முன் மணல் இல்லையாம். அடிமணல் போகவே கல்லும் புதைந்து சரியும். மேலும் கல் கொட்டவேண்டும். சுவருக்குப் பின்னுள்ள மேட்டு மணலும் சிறைப்பட்டுக் கிடத்தலின், புயற்காலத்தில் கரைக்குக் கொடுக்க அதனால் இயலாது. சுவர் முடியும் இடத்திலோ அரிப்பு மிகும். ஆகவே சுவர் தன் பின்னுள்ள வீட்டைக் காக்கும். தன் முன்னுள்ள கடற்கரையைக் காவாது. அமெரிக்க நாட்டில் கால்வெஸ்டன் என்னும் தீவு நகரம் 1900ஆம் ஆண்டுப் புயலில் ஆயிரக்கணக்கான உயிரை இழந்தது. பின்னர் 1902 முதல் 1904 வரை பெருஞ்சுவர் எழுப்பினர். 1915இல் வந்த புயலினின்றும் அச்சுவர் நகரைக் காத்தது. இது மறுக்கவொண்ணாத நன்மை. ஆனால் சுவரின் முன்னிருந்த மணற்கரை தேய்ந்தொழிந்தது. பிற்காலத்தார் வேற்றிடத்து மணலைக் கொணர்ந்து கொட்டவேண்டியதாயிற்று.

இரண்டாவது, தூண்டில் வளைவு. இது கரையிலிருந்து கடலுக்குள் நீட்டப்படுவது. இதன் தொழில் வாய்க்காலிற் குறுக்கே இட்ட வரம்பின் தொழிலே. தென்புறத்தில் மணலைச் சேர்க்கும். வடபுறத்திற்குச் சேரவேண்டியதைத் தடுக்கும். இது புதிதாக ஒரு கைப்பிடி மணலையும் உண்டாக்குவதில்லை. வழியே போகும் மணலை மறித்துக்கொள்கின்றது. தென்புறம் நிரம்பிய பின்பு மணல் முனையைச் சுற்றிக் கடந்துபோம் என்பர். அது நிரம்பப் பல்லாண்டு செல்லும். அதற்குள் வடவூர் அழிந்துவிடும். 

மூன்றாவது, துறைமுகச் சுவரும் முகத்துவாரச் சுவரும். இவை தூண்டில் வளைவின் பெரிய வடிவம். தீங்கும் அவ்வளவிற் பெரிது. மீன்பிடித் துறைமுகம் நமக்கு வேண்டாவென்று யாம் கூறவில்லை. அதனால் வரும் தீங்கையும் துறைமுகக் கணக்கிலேயே எழுதவேண்டுமென்றே கூறுகின்றோம்.

அரிப்புக்குக் கல் ஒன்றே காரணமென்றும் யாம் கூறோம். அங்ஙனம் கூறின் அது ஒருதலைப் பேச்சாம். கரைக்கு மணல் ஈயும் தாய் ஆறு. 1934இல் முடிந்த மேட்டூர் அணை முதலாக ஆறுதோறும் எழுந்த அணைகள் நீரோடு மணலையும் தேக்கிக்கொண்டன. எஞ்சியதை ஆற்றுப்படுகையிலேயே வாரிக் கட்டடத்திற்குக் கொண்டுபோயினர். கடல்மட்டமும் மெல்ல உயர்ந்து வருகின்றது. புயலும் தன் பங்கைச் செய்கின்றது. தேசியக் கடலோர ஆராய்ச்சி மையத்தார் 1990 முதல் 2018 வரை எடுக்கப்பட்ட செயற்கைக்கோட் படங்களைக் கொண்டு, இந்தியப் பெருநிலக் கரையில் 6,632 கிலோமீட்டரை ஆராய்ந்து, நூற்றுக்கு 33.6 பங்கு அரிப்புக்குள்ளானதென்று கண்டனர். வரவு குறைந்த குடும்பத்தில் ஒருவன் மற்றவன் சோற்றைப் பறித்தல் இருமடங்கு கொடிது. மணல்வரவு குறைந்த இக்காலத்திற் கல்லால் மறிப்பதும் அத்தகையதே.

இவ்விடத்து எம் பிழையைக் கூறுவோம். ஏறக்குறையப் பத்தாண்டுகளுக்கு முன் நம்மவர் வாழும் ஓரூரார் எம்மிடம் வந்து, தூண்டில் வளைவு வேண்டி அதிகாரிகளுக்கு ஒரு மனு எழுதித் தருமாறு கேட்டனர். அவர்தம் துன்பம் மெய். அலை தெருவில் ஏறிக்கொண்டிருந்தது. யாம் கற்ற தமிழையெல்லாம் அம்மனுவிற் கொட்டினோம். வளைவு வந்தது. இரண்டே ஆண்டில் அவ்வூர்க் கரையில் மணல் நிறைந்தது. ஊரார் எமக்குப் பொன்னாடை போர்த்தினர். யாமும் மகிழ்ந்து ஏற்றுக்கொண்டோம்.

மூன்றாம் ஆண்டு அதற்கு வடக்கேயுள்ள ஊரில் வலைக்கூடம் சரிந்தது. அடுத்து ஒரு தென்னந்தோப்பு வரிசை வரிசையாக விழுந்தது. பின்னர் ஒரு தெரு முழுதும் போயிற்று. அவ்வூர் அயலூரன்று. இவ்வூரார் அங்கே பெண் கொடுத்தவர். அங்கே பெண் கொண்டவர். யாம் ஒரு துக்கத்தின்பொருட்டு அங்குச் சென்றிருந்தோம். கடற்பக்கத்துச் சுவர் இடிந்த வீட்டின் திண்ணையில் அமர்ந்திருந்த முதிய அம்மையார் எம்மை நோக்கி, “வாத்தியாரையா, அந்த மனுவை எழுதினது நீங்கள்தானாமே. தெற்கே மணல் வேணும்னு எழுதினீங்களே, அது எங்க மணல்னு ஒரு வரி எழுதினீங்களா?” என்று கேட்டார். எமக்கு விடை இல்லை. அன்று இம்மணற்போக்கை யாம் அறியோம். அறியாமை காரணமாகும், ஆனால் இடிந்த சுவரை அது எடுத்து நிறுத்தாது. இன்று சபைமுன் வந்துள்ள மூன்று விண்ணப்பங்களுள் ஒன்று அவ்வூராருடையது. அவரும் தூண்டில் வளைவே வேண்டுகின்றனர். அவருக்கு வடக்கேயும் நம்மவர் ஊர் ஒன்று உண்டு.

‘அங்ஙனமாயின் கல்லே வேண்டாவோ? அலை அடுப்பங்கரைக்கு வந்தபின் மணற்போக்கைப் பற்றிய பாடம் படித்துக்கொண்டிருப்பதோ?’ என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. வீட்டு வாயிலில் அலை நிற்கும் இடத்தில் உயிரையும் குடியிருப்பையும் காக்கக் கல் வேண்டியதே. ஆனால் அது காய்ச்சலுக்கு நெற்றியில் இடும் பற்றுப்போன்றது, நோய்க்கு மருந்தன்று. நோய் மணற்குறை, மருந்து மணலே. கல்லை மட்டும் கேட்டுப் பெற்று அமைதியடைவோமாயின், அடுத்த ஊருக்கு நோயைக் கொடுத்து நாம் பற்று வாங்கினவர் ஆவோம்.

மணலை மருந்தாகக் கொடுத்தல் இயலுமோ எனின், இயலும். உலகில் நடந்து வருகின்றது. விசாகப்பட்டினத் துறைமுகம் 1933இல் திறக்கப்பட்டது. அத்துறைமுகத்தை அமைத்தோர் பழைய கப்பல்கள் இரண்டை மூழ்குவித்து அலைத்தடுப்பு ஆக்கினர். வரும் மணல் வந்து விழுவதற்கு ஒரு பள்ளமும் அமைத்து, அதில் விழுந்ததைத் தோண்டி எடுத்து வடபுறக் கரைக்குச் சேர்க்கும் முறையையும் ஏற்படுத்தினர். நூறாண்டுக்கு அணித்தாகவே நம் கீழைக்கரையில் இவ்வறிவு இருந்ததென்பது கருதத்தக்கது.

ஆஸ்திரேலியாவில் டுவீட் என்னும் ஆறு இரண்டு மாநிலங்களின் எல்லையிற் கடலொடு கலக்கின்றது. 1960களில் தென்மாநிலத்தார் முகத்துவாரச் சுவரை நீட்டினர். வடமாநிலத்துக் கடற்கரைகள் தேய்ந்தன. நெடுநாள் வழக்கிட்ட பின்னர் இரு மாநில அரசாங்கத்தாரும் உடன்படிக்கை செய்துகொண்டு, 2001 முதல் தென்புறத்து மணலைக் குழாய்வழி இறைத்து வடபுறம் சேர்த்து வருகின்றனர். ஆண்டொன்றுக்குச் சுமார் 5 இலட்சம் கனமீட்டர் என்பது திட்டம். தொடக்க ஆண்டுகளில் மணல் மிகையாகச் சேர்ந்து வேறொரு குறையும் எழுந்தது, அளவைத் திருத்திக்கொண்டனர். புதுச்சேரியாரும் தமிழ்நாட்டாரும் ஒரு பந்தியில் அமர்ந்து செய்யத்தக்கது இதுவன்றோ?

கடலோடு போராடுவதிற் கைதேர்ந்தவர் நெதர்லாந்து நாட்டார். கல்லணை கட்டுவதில் அவர்க்கு நிகரில்லை. அவர்களே 1990 முதல், மணற்கரையை மணலாலேயே காப்பதென்று முடிவு செய்து ஆண்டுதோறும் கடலடி மணலைக் கொணர்ந்து இடுகின்றனர். 2011இல் ஓரிடத்தில் 2.15 கோடி கனமீட்டர் மணலை ஒருங்கே குவித்து, அதனைக் காற்றும் அலையும் தாமே கரைநெடுகப் பரப்புமாறு விட்டனர். கடலை எதிர்க்காமல் கடலையே வேலை வாங்கினர்.

புதுச்சேரியிலும் 2018-19 அளவில், தேசியக் கடல்தொழில்நுட்ப நிறுவனத்தார் தலைமைச் செயலகத்திற்கு எதிரே, நீருள் மூழ்கி நிற்கும் இரும்பாலான செயற்கைத் திட்டு ஒன்றை வைத்தனர். அலையின் வலியை அது குறைக்கவே, பின்புறத்தில் முப்பதாண்டாகக் காணாத மணற்பரப்பு மீண்டும் தோன்றிற்று. கடற்கரைச் சாலையிற் பிறந்து வளர்ந்த இளைஞர் முதன்முறை தம் ஊரில் மணலை மிதித்தனர். ஆயினும் ஓர் இடத்தில் மணல் சேரும்போது மற்றோரிடம் என்னாகின்றது என்பதையும் அளந்துகொண்டே வரவேண்டும். திட்டும் ஒருவகைத் தடையே என்பதை மறத்தலாகாது.

இம்முறைகளுக்கெல்லாம் பொதுவான இயல்பு ஒன்றுண்டு. இவை ஒருநாளில் முடிந்து திறப்புவிழாக் காண்பன அல்ல, ஆண்டுதோறும் செய்யவேண்டியன. கல் கொட்டினால் கல்வெட்டு நாட்டலாம்; மணல் இறைத்தால் அடுத்த ஆண்டும் இறைக்கவேண்டும். வயலுக்கு ஆண்டுதோறும் எருவிடுவதை எவரும் வீண்செலவு என்று சொல்லார். கரைக்கு இடும் மணலையும் அங்ஙனமே கருதல் வேண்டும். இக்கருத்து ஆட்சியாளர் உள்ளத்தில் தானே தோன்றும் என்று காத்திருத்தல் ஆகாது. கேட்பவர் கல்லையே கேட்டால் கொடுப்பவர் கல்லையே கொடுப்பர்.

ஆகவே, சபையார் இம்மூன்று விண்ணப்பங்களையும் தள்ளிவிடாமல், ஒன்றாக்கித் திருத்தி அனுப்பவேண்டுமென்று வேண்டிக்கொள்கின்றோம். திருத்தம் ஐந்து.

முதலாவது, ஊர்தோறும் தனித்தனி மனு என்பதை விட்டு, ஒரு முகத்துவாரம் முதல் மறு முகத்துவாரம் வரை உள்ள கரை முழுமைக்கும் ஒரே மனு அனுப்புதல்.

இரண்டாவது, மணலை மறித்து நிற்கும் துறைமுகமும் தூண்டில் வளைவும் எங்கெங்கு உளவோ, அங்கெல்லாம் தென்புறம் தேங்கியதை ஆண்டுதோறும் வடபுறம் சேர்க்கும் செலவை அரசாங்கத்தார் நிலையான செலவாக ஏற்கவேண்டுமென்று கேட்டல்.

மூன்றாவது, உயிருக்கு இடையூறு நேர்ந்துள்ள தெருக்களுக்கு மாத்திரம் கல் கேட்டல். அங்கும் அக்கல்லோடு மணலையும் சேர்த்துக் கேட்டல்.

நான்காவது, எவ்வூரார் கல் கேட்பினும், வடக்கேயுள்ள ஊராரின் பஞ்சாயத்தைக் கேட்டறிந்த பின்னரே சங்கம் கையொப்பமிடுதல்.

ஐந்தாவது, நாமே செய்யத்தக்கது. ஊர்தோறும் ஒரு நிலையான அடையாளத்திலிருந்து அலைக்கோடு வரை மாதந்தோறும் பௌர்ணமி நாளிற் கயிறு பிடித்து அளந்து ஏட்டில் எழுதிவைத்தல். பள்ளிப் பிள்ளைகள் இதனைச் செய்வர், யாம் செய்விப்போம். ஐந்தாண்டுக் கணக்கு கையில் இருந்தால் எந்த அதிகாரி முன்னும் நாம் தலைநிமிர்ந்து பேசலாம். எஞ்சிய மணல்மேட்டை வீட்டிற்கும் விற்பனைக்கும் வெட்டாமல், அடும்பும் இராவணன் மீசையும் படரவிட்டுக் காத்தலும் இதனுள் அடங்கும்.

இவ்வைந்தனுள் நமக்கு எளிதல்லாதது இரண்டாவது என்பதை யாம் அறிவோம். யாம் மனு எழுதிக்கொடுத்த அவ்வூர்ப் பெரியோர் இவ்வவையில் வீற்றிருக்கின்றனர். அவர்களை நோக்கியே சொல்லுகின்றோம். உங்கள் கரையில் இன்று கிடக்கும் மணலில் ஒரு பகுதியை ஆண்டுதோறும் வடக்கே அனுப்ப நீங்கள் ஒருப்படவேண்டும். அலை தெருவிலேறிய நாட்களை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். ‘மீண்டும் அந்நாள் வருமோ’ என்னும் அச்சம் உங்கட்கு இயல்பே. முழுமணலையும் யாரும் கேட்கவில்லை. உங்கள் தெருவைக் காக்கும் அளவு போக எஞ்சியதே கேட்கப்படுவது. அதனை அளந்து வரையறுப்பது பொறியியலார் பொறுப்பு. மனமுவந்து ‘எடுத்துக்கொள்க’ என்று சொல்லுவது உங்கள் பொறுப்பு. உங்கள் மகளிர் புகுந்த வீடுகளின் முற்றத்திற்கே அம்மணல் போகின்றது.

நம் குலத்திற் கடலில் ஒருவன் படகு கவிழ்ந்தால், வலையை அறுத்தெறிந்துவிட்டு மற்றவன் விரைவான். பாடு போனாலும் கவலான். அவன் எவ்வூரான் என்று கேட்பதில்லை. கடலில் உள்ள இவ்வொழுக்கம் கரையேறியவுடன் நம்மைவிட்டு நீங்குவானேன்? கரையிலும் நாம் ஒரே படகில் இருக்கின்றோம். ஓரூரான் தன் பக்கத்து ஓட்டையை அடைக்க அடுத்தவன் பக்கத்துப் பலகையைப் பெயர்ப்பானாயின், படகு இருவருக்கும் இல்லையாம்.

பழைய மனுவை எழுதிய இக்கையே புதிய மனுவையும் எழுத ஆயத்தமாக உள்ளது. இம்முறை அதன் முதல் வரி, ‘இம்மணல் எம் ஊரதன்று, எம் கரை முழுமைக்கும் உரியது’ என்று இருக்கும். சபையார் அனுமதி தருக. அந்த அம்மையாரிடம் சென்று அவ்வரியைப் படித்துக் காட்ட எமக்கு விருப்பம்.

 நெய்தல் வாழ்க! நம் கரை முழுதும் வாழ்க!